நிகழ்ச்சியை நகலெடுத்தால் கேள்வி ஏன் காணாமல் போகிறது?

மாதாமாதம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் பட்டறை நடத்தும் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். ஒவ்வொரு முறையும் பதிவுப் படிவத்தைப் புதிதாகச் செய்யாமல், போன மாத நிகழ்ச்சியைத் திறந்து ‘நகலெடு’ பொத்தானை அழுத்திவிடுவாராம். இந்த முறையும் தேதியை மட்டும் மாற்றி வெளியிட்டார். 80 பேர் பதிவு செய்தார்கள். அப்புறம் பட்டியலைத் திறந்தால், “பிள்ளை எந்த வகுப்பு?” என்ற கட்டம் எல்லோருக்கும் காலி. படிவத்தின் அமைப்பில் அந்தக் கேள்வி அப்படியே இருக்கிறது. பதிவு செய்தவர்கள் கண்ணில் மட்டும் படவே இல்லை. “இருக்கிற கேள்வி எப்படிக் காணாமல் போகும்?” என்று கேட்கிறார்.

நாம் திரையில் பார்க்கும் நிகழ்ச்சி, ஒரு வேர்டு ஃபைலைப் போல ஒரே பொருள் அல்ல. டேட்டாபேஸில் அது பல அட்டவணைகளில் சிதறிக் கிடக்கிறது. நிகழ்ச்சிக்கு ஒரு வரி, ஒவ்வொரு டிக்கெட் வகைக்கும் ஒரு வரி, ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. ஒரு வரி இன்னொன்றைச் சுட்ட வேண்டுமானால் அதன் எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளும். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் முன்வைத்த அட்டவணை முறையின் வழியில்தான் இன்றும் பெரும்பாலான மென்பொருள்கள் இயங்குகின்றன.

நகலெடுக்கும்போது எல்லாமே வரக்கூடாது. தலைப்பு, விவரம், டிக்கெட் வகைகள், கேள்விகள் வர வேண்டும். போன மாதம் பதிந்தவர்களும் அவர்கள் கட்டிய பணமும் வரக்கூடாது. இந்தப் பிரிப்பு சுலபம். சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது.

வாசகியின் பழைய நிகழ்ச்சி எண் 41 என்று வைத்துக்கொள்வோம். அதில் சிறுவர் டிக்கெட் 201, பெரியவர் டிக்கெட் 202. வகுப்பைக் கேட்கும் கேள்வி 310. அதனுடன் ஒரு நிபந்தனை: “டிக்கெட் 201 என்றால் மட்டும் காட்டு.” நகலெடுத்ததும் புதிய நிகழ்ச்சி 57 ஆகிறது. சிறுவர் டிக்கெட்டுக்கு 266, பெரியவருக்கு 267, கேள்விக்கு 402 என்று புது எண்கள் கிடைக்கின்றன. ஆனால் 402உடன் ஒட்டியிருந்த நிபந்தனை எழுத்துப் பிசகாமல் அப்படியே வந்துவிட்டால்? “டிக்கெட் 201 என்றால் மட்டும் காட்டு.” புதிய நிகழ்ச்சியில் 201 எடுப்பவர் யாரும் இல்லை. கேள்வி இருக்கிறது, கேட்கப்பட வழியில்லை. வாசகிக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

இதைச் சரியாகச் செய்யும் வழி எனக்கு ரொம்பப் பிடித்தமானது. நகலெடுக்கத் தொடங்கும்போதே நிரல் ஒரு சிறு குறிப்பேட்டைத் திறந்துகொள்கிறது. ஒவ்வொரு வரியை நகலெடுத்ததும் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்கிறது: 201க்கு 266, 202க்கு 267, 310க்கு 402. பிறகு புதிய வரிகளுக்குள் எங்கெல்லாம் பழைய எண் தென்படுகிறதோ அங்கெல்லாம் குறிப்பேட்டைப் பார்த்து மாற்றுகிறது. நிபந்தனையில் 201 இருக்கிறதா? 266 என்று எழுது.

சரி, பட்டறை நடக்கும் அரங்கு? அதற்கும் ஓர் எண் உண்டு, 12 என்று வைப்போம். குறிப்பேட்டின் அரங்குப் பக்கத்தில் 12 இல்லை, ஏனென்றால் அரங்கை யாரும் நகலெடுக்கவில்லை. அப்படியானால் தொடாதே, அதே 12 இருக்கட்டும். புதிய நிகழ்ச்சியும் அதே அரங்கைச் சுட்டுகிறது. எது நிகழ்ச்சிக்குச் சொந்தம், எது பொதுவானது என்ற வேறுபாட்டை ஒரே குறிப்பேடு தீர்த்துவைக்கிறது! பைத்தான் நிரல் மொழியில், ஒரு பொருளை அதன் உள்ளிருப்பவற்றோடு முழுதாக நகலெடுக்கும் டீப்காப்பி என்ற கருவியும் உள்ளே ‘மெமோ’ என்ற பெயரில் இப்படி ஒன்றை வைத்திருக்கிறது. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்தால், மெமோ இல்லாத நகல் முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதை உள்ளே பார்க்க ஆசைப்படுபவர்கள் இண்டிகோ என்ற நிகழ்ச்சி மேலாண்மை மென்பொருளின் நிரலைத் திறந்து படிக்கலாம். ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் உருவானது. அங்கே நடக்கும் எண்ணற்ற கூட்டங்களில் பல, போன வாரக் கூட்டத்தின் நகல்கள். இண்டிகோவில் உரைகள், அமர்வுகள், கால அட்டவணை என்று ஒவ்வொன்றுக்கும் தனி நகலெடுப்பான் உண்டு. தனக்கு முன்னால் எது முடிந்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றும் சொல்லும். தன் குறிப்பேட்டை அடுத்ததற்குக் கையளிக்கும். இண்டிகோவை ஐக்கிய நாடுகள் சபைகூடப் பயன்படுத்துகிறது, இலவசமாக. துகள்களை மோதவிட்டு மக்களுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள், அடிப்படை ஆய்வுக்குக் கொடுத்த பணம் இப்படியும் திரும்பி வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வேர்ல்டு வைட் வெப்பை 1993இல் எல்லோருக்கும் பொதுவாக்கியதும் இதே செர்ன்தான். நம் பல்கலைக்கழகங்களும் தாங்கள் எழுதும் மென்பொருளை இப்படித் திறந்துவைக்க வேண்டும், அதற்கென்று நிதியும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தேதியை நகர்த்துவதிலும் ஒரு கண்ணி உண்டு. ஜெனீவாவில் மார்ச் நடுவில் காலை 9 மணி என்பது உலகப் பொது நேரத்தில் 8 மணி. நான்கு வாரம் தள்ளி அதே பொது நேரத்தில் வைத்தால், மார்ச் கடைசி ஞாயிறன்று கோடைக்கால நேரம் தொடங்கிவிடுவதால், கூட்டம் 10 மணிக்குப் போய்விடும். அதனால் சுவர்க் கடிகார நேரத்தில்தான் நகர்த்த வேண்டும். ஆண்டு முழுதும் ஒரே நேரத்தில் வாழும் நமக்கு இது தோன்றவே தோன்றாது.

கேலண்டரும் அப்படித்தான். பதிந்தவர்களுக்கு அனுப்பும் கேலண்டர் கோப்பில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் யூஐடி என்ற தனி அடையாளம் உண்டு. நகல் அதைப் புதிதாக உருவாக்காமல் பழையதையே அனுப்பினால், பெறுபவரின் கேலண்டர் அதைப் பழைய நிகழ்ச்சியின் திருத்தமாக எடுத்துக்கொள்ளக்கூடும். போன மாதப் பட்டறை அங்கிருந்து மறைந்து இந்த மாதத்துக்கு நகர்ந்துவிடும்.

வாசகிக்கு: புதிய நிகழ்ச்சியில் அந்தக் கேள்வியின் நிபந்தனையைத் திறந்து, சிறுவர் டிக்கெட்டை மறுபடி தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். இப்போது அங்கே புதிய எண் உட்கார்ந்துகொள்ளும். பிறகு லாக்-அவுட் செய்துவிட்டு, நீங்களே ஒரு சிறுவர் டிக்கெட்டுக்குப் பதிவு செய்து கேள்வி வருகிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே பதிந்த 80 பேரிடம் மட்டும் வகுப்பைக் கேட்டு ஒரு மெயில் அனுப்ப வேண்டியிருக்கும்.