தக்காளி கிலோ நூறு ரூபாய் என்றால் விவசாயிக்கு எவ்வளவு?

காய்கறி விலை ஏறும் ஒவ்வொரு தடவையும் தெரிந்தவர்கள் என்னிடம் சொல்வது இதுதான்: "தக்காளி நூறைத் தாண்டிடுச்சு. இனி விவசாயிங்க காட்டுல மழைதான்." விவசாயிகளே சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு விற்பனைக் கணக்கு பார்த்துக் கொடுப்பது என் வேலை. விலை உச்சத்தில் இருக்கும் வாரங்களில் அந்தக் கணக்குகளில் பெரும்பாலானவர்களின் பெயருக்கு நேரே வரவே இருக்காது. அவர்களிடம் விற்கக் காய் இல்லை. காய் இல்லாததால்தான் விலையே ஏறியிருக்கிறது.

2023ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் தக்காளி விலை படுத்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் பறிப்புக்கூலிகூடத் தேறாது என்று பலர் காயைச் செடியோடு விட்டார்கள். அடுத்த நடவைக் குறைத்துக்கொண்டார்கள். துணிந்து நட்டவர்களின் தோட்டங்களில் வெயிலும், வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருள் நோயும் புகுந்தன. கர்நாடகத்தில் கோலார் பக்கம் அடி பலம். ஜூலையில் பல நகரங்களில் கிலோ 200 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையைப் பார்த்தவுடன் ஊர் ஊராக நாற்று நட்டார்கள். எல்லாம் ஒரே சமயத்தில் காய்ப்புக்கு வர, செப்டம்பரில் விலை மறுபடி தரைக்கு வந்தது. ஆறே மாதத்துக்குள் விழுந்து, ஏறி, திரும்பவும் விழுந்தது. இரண்டு வீழ்ச்சியிலும் கையில் காயோடு நின்றவர் விவசாயி. நடுவில் வந்த ஏற்றம் வெகு சிலருக்குத்தான் வாய்த்தது.

சரி, காய் இருக்கும்போதாவது கடை விலையில் அவருக்கு என்ன கிடைக்கிறது? 2024 அக்டோபரில் வெளிவந்த ரிசர்வ் வங்கியின் ஆய்வறிக்கை ஒன்று கணக்கிட்டிருக்கிறது. நாம் கொடுக்கும் ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்குப் போவது சுமார் 33 காசு, வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. இவை சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, அழுகல், கடை வாடகை எதுவும் காய் விலை இறங்கியதற்காகக் குறைவதில்லை. அதனால் கடையில் விலை பாதியானால், விவசாயியின் பங்கு பாதியோடு நிற்காது. இறங்கிய தொகையில் பெரும்பகுதி அவர் தலையில்தான் விடியும்.

ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். மண்டியில் கிலோ 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 14 கிலோ பெட்டிக்கு 70 ரூபாய். நூற்றுக்குப் பத்து கமிஷன் என்றால் 7 போய்விடும். பறிப்புக்கூலி 20, வண்டி வாடகை 15, இறக்குக்கூலி 3 என்று போட்டால் மிச்சம் 25. கிலோவுக்கு இரண்டு ரூபாய்கூட இல்லை. நாற்று, உரம், மருந்து, குச்சி, கயிறு, நட்டுக் களையெடுத்த கூலி எல்லாவற்றையும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வீட்டார் தோட்டத்தில் போட்ட உழைப்பை யாரும் எழுதுவதே இல்லை. நான் எழுதச் சொல்வேன். "நம்ம வேலைக்கு நாமளே கூலி போடுறதா?" என்று கேட்பார்கள். போட்டே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டால் நஷ்டம்கூட லாபம் போலத் தெரியும்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் ஆதங்கமான ஒன்று உண்டு. விலை ஏறினால் அரசு இயந்திரம் வேகமாக ஓடுகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் கூட்டுறவு அமைப்புகள் மானிய விலையில் தக்காளி விற்றன. தமிழக அரசு ரேஷன் கடைகளில் விற்றது. நேபாளத்திலிருந்து இறக்குமதியும் நடந்தது. வெங்காயத்துக்கு அந்த ஆகஸ்டில் 40 சதவீத ஏற்றுமதி வரி, டிசம்பரில் ஏற்றுமதித் தடை. தடை 2024 மே மாதம்தான் விலகியது. வரி முழுவதும் நீங்க 2025 ஏப்ரல் ஆனது. வாங்குகிறவரைக் காப்பது அரசின் கடமை, அதில் எனக்கு மறுப்பில்லை. விலை விழும்போது இதே வேகம் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் ஒரு காய்கறிகூட இல்லை. கேரளம் 2020 நவம்பரில் 16 விளைபொருள்களுக்கு அடிப்படை விலை அறிவித்தது. உற்பத்திச் செலவுக்கு மேல் 20 சதவீதம் என்பது அதன் அளவுகோல். மற்ற மாநிலங்கள் இதை ஏன் தீவிரமாகப் பார்க்கக் கூடாது?

அதே சமயம், "விலை ஏறினால்தான் விவசாயி பிழைப்பார்" என்று பேசுகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நம் நாட்டு விவசாயி கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவரும்கூட. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நில உடைமைகளில் 86 சதவீதம் இரண்டு ஹெக்டேருக்குக் கீழே. அவ்வளவு சிறிய நிலத்தில் ஒருவர் தக்காளி போட்டால் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வெளியில்தான் வாங்க வேண்டும். 2018-19இல் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்கிறது தேசிய மாதிரி ஆய்வு. அதில் கூலி வேலையில் வந்தது 4,063, பயிரில் வந்தது 3,798. பயிரைவிடக் கூலிதான் அதிகம்! 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வில் கிராமத்து வீடுகள் செலவில் 46 சதவீதத்தை உணவுக்கே கொடுக்கின்றன, நகரத்தில் 39. ஆக, விலைவாசி ஏறினால் முதலில் வயிற்றைக் கட்டுவது விளைவிக்கிற கிராமம்தான். அவர்களுக்கு வேண்டியது உச்ச விலை இல்லை. போட்ட முதல் திரும்பும் என்று நம்பி நடக்கூடிய ஒரு விலை.

நடவுக்கு முன்னால் விவசாயிகள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. இன்றைய மண்டி விலையைப் பார்த்து நடாதீர்கள். உங்கள் காய் சந்தைக்கு வரும்போது அந்த விலை இருக்காது. பக்கத்து நாற்றுப்பண்ணைகளில் எவ்வளவு தக்காளி நாற்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். மூன்று மாதம் கழித்து என்ன வரத்து இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல தடயம் எனக்குத் தெரிந்து இல்லை. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைப்புக் காலத்தில் விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். ஒரே நாளில் மொத்த நிலத்திலும் நடாமல் பதினைந்து இருபது நாள் இடைவெளியில் பிரித்து நட்டால், ஒரு பகுதியாவது சுமாரான விலைக்குப் போகும். உழவர் சந்தை எட்டுகிற தூரத்தில் இருந்தால் அடையாள அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 1999இல் மதுரையில் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் கமிஷன் கிடையாது.

மண்டியில் போடும் ஒவ்வொரு லோடுக்கும் சீட்டு கேட்டு வாங்குங்கள். எடை, விலை, கமிஷன், தேதி நான்கும் அதில் இருக்க வேண்டும். விலை விழுந்தால் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து தலையிட சந்தைத் தலையீட்டுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. முந்தைய இயல்பான ஆண்டைவிட விலை குறைந்தது 10 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும், மாநில அரசு கேட்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள். அழுகும் பொருளுக்குக் கோப்பு நகரும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே விலை இறங்கத் தொடங்கிய வாரமே பத்துப் பேர் சீட்டுகளைச் சேர்த்துக்கொண்டு, கலெக்டர் அலுவலகத்தில் மாதம்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். மனுவோடு செலவுக் கணக்கையும் இணையுங்கள், வீட்டார் கூலியையும் சேர்த்து.