பாதியில் நிறுத்திய வினை

போன மாதம் ஒரு பேக்கரிக்காரர் எங்கள் ஆய்வகத்துக்கு எவர்சில்வர் டப்பாவில் வெள்ளைக் கொழுப்பு கொண்டுவந்தார். பஃப்ஸ் மாவுக்கு நடுவில் தடவி மடித்து உருட்டுவது, லேபிள் எதுவும் இல்லாமல் எடைபோட்டு வாங்கியது. “சார், நெய்க்குப் போடுவீங்களே, சிவப்பாகுற டெஸ்ட், அதைப் போட்டு இதுல டிரான்ஸ் கொழுப்பு இருக்கான்னு சொல்லிடுங்க” என்றார். உணவுப் பகுப்பாய்வில் இத்தனை வருடமாக இருக்கிறேன், இந்தக் குழப்பத்தை அடிக்கடி கேட்கிறேன், சரி, எழுதியே விடலாம் என்று தோன்றியது.

அவர் சொன்னது பௌடோயின் டெஸ்ட். உருக்கிய நெய் 5 மில்லி, அதே அளவு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், சில சொட்டு ஃபர்ஃபுரால் கரைசல். சோதனைக் குழாயை மூடி நன்றாகக் குலுக்கி ஸ்டாண்டில் வைத்தால் அமிலம் மெல்லக் கீழே இறங்கிப் பிரியும். அந்தக் கீழ் அடுக்கு ரோஜா நிறமாகிச் சிவந்தால் நெய்யில் வனஸ்பதி, அதாவது எண்ணெயைக் கெட்டியாக்கிச் செய்த கொழுப்பு, கலந்திருக்கலாம். உண்மையில் சிவக்க வைப்பது நல்லெண்ணெய். வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று நம் நாட்டில் விதி வைத்ததே, நெய்யில் கலந்தால் காட்டிக்கொடுக்கட்டும் என்றுதான். எனக்கு இன்றைக்கும் மிகவும் பிடித்த யோசனை அது. ஆனால் ரத்தக்குழாய்க்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு என்பதைப் பற்றி அந்தச் சிவப்பு ஒரு வார்த்தையும் சொல்லாது. அது புரிய வேண்டுமானால் இந்த வெள்ளைக் கொழுப்பு பிறந்த கதைக்குப் போக வேண்டும்.

பிரான்சில் துலூஸ் நகரம், 1897. பால் சபாத்தியே என்ற வேதியியலாளரும் அவரோடு வேலைபார்த்த சாந்தரென்ஸ் என்ற பாதிரியாரும் சூடான நிக்கல் தூள்மேல் எத்திலீன் வாயுவைச் செலுத்திப் பார்த்தார்கள். நிக்கலோடு கார்பன் மோனாக்சைடு சேர்வது அப்போது தெரிந்த விஷயம், எத்திலீனும் அப்படி ஒட்டுமா என்பதுதான் கேள்வி. ஒட்டவில்லை. கரி படிந்தது, வெளியே வந்த வாயுவில் பெரும்பகுதி ஈத்தேன். எத்திலீனில் ஒரு பங்கு உடைந்து ஹைட்ரஜனைத் தந்திருக்கிறது, அதை மிச்ச எத்திலீன் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஹைட்ரஜன் சேர்வதை, பள்ளிப் பாடத்தில் நாம் ஒடுக்கம் என்று படித்தோமே, அது நிக்கல் தூளின் உதவியால் இவ்வளவு லேசாக நடக்கிறது என்று அன்றைக்குத்தான் அவர்கள் பிடித்தார்கள். 1912ல் சபாத்தியேவுக்கு நோபல் பரிசு வந்தது, விக்டர் கிரின்யாரோடு பகிர்ந்து. சாந்தரென்ஸுக்குக் கொடுக்காதது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

சபாத்தியே செய்ததெல்லாம் ஆவியை வைத்து. எண்ணெயை ஆவியாக்கவா முடியும்? ஜெர்மனியில் வில்ஹெல்ம் நார்மன் என்பவர் திரவ நிலையிலேயே செய்துகாட்டி 1902ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எண்ணெயில் நிக்கல் தூளைக் கலந்து, சூடாக்கி, ஹைட்ரஜனைக் குமிழியிடவிட்டால் எண்ணெய் கெட்டியாகும். சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் கெட்டிக் கொழுப்பு தேவைப்பட்ட காலம் அது. 1911ல் அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து கிரிஸ்கோ என்ற சமையல் கொழுப்பு வந்தது, 1937ல் இந்தியாவில் டால்டா வந்தது. அப்புறம் நம் ஊரில் வனஸ்பதி என்றாலே டால்டா என்று ஆகிவிட்டது.

இங்கேதான் எல்லோரும் தவறவிடும் இடம் இருக்கிறது. எண்ணெய் மூலக்கூறில் கார்பன் அணுக்களுக்கு நடுவே ஹைட்ரஜன் ஏற இடம் தரும் இரட்டைப் பிணைப்புகள் உண்டு, அந்த இடத்தில் மூலக்கூறு இயல்பாக வளைந்திருக்கும். அந்த இரட்டைப் பிணைப்பு எல்லாவற்றுக்கும் ஹைட்ரஜன் ஏற்றிவிட்டால் அதில் டிரான்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆனால் அது மெழுகு மாதிரி இறுகிவிடும், வாயில் வைக்க முடியாது. அதனால் வினையைப் பாதியில் நிறுத்துவார்கள். எண்ணெய் மூலக்கூறு நிக்கல்மேல் வந்து உட்கார்ந்து ஒரு ஹைட்ரஜனை வாங்கிக்கொள்கிறது, இரண்டாவது கிடைப்பதற்குள் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடவும் செய்கிறது. போகும்போது இரட்டைப் பிணைப்பு மறுபடி உருவாகும், ஆனால் பழைய வளைவோடு வரும் என்று உறுதியில்லை. வளைந்திருந்தது நிமிர்ந்துவிட்டால் அதுதான் டிரான்ஸ். ஹைட்ரஜன் அழுத்தம் குறைவாகவும் சூடு அதிகமாகவும் இருந்தால் இப்படி நிமிர்வது கூடும். எண்ணெய்களில் நிறைய இருக்கும் வளைந்த ஒலியிக் அமிலம் சுமார் 13 டிகிரியில் உருகும், அதே அணுக்கள், அதே எண்ணிக்கை, பிணைப்பு மட்டும் நிமிர்ந்த எலாயிடிக் அமிலம் உருக சுமார் 45 டிகிரி வேண்டும். தொழிற்சாலைக்கு இது லாபம், நம் ரத்தக்குழாய்க்கு நஷ்டம்.

அந்த நஷ்டம் தெரிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. மனித உடல் திசுக்களில் டிரான்ஸ் கொழுப்பு சேர்ந்திருப்பதை 1957லேயே ஃப்ரெட் கும்மரோ என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் எழுதினார்கள், பெரிதாக யாரும் காதில் வாங்கவில்லை. 1990ல் நெதர்லாந்தில் மென்சிங்க், கட்டான் இருவரும் 59 பேருக்குச் சாப்பாட்டை அளந்து கொடுத்துப் பார்த்ததில், டிரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றி நல்லதைக் குறைப்பது தெரிந்தது. நெய், வெண்ணெய் கூட நல்லதைக் குறைப்பதில்லை, இது இரண்டு பக்கமும் அடிக்கிறது. டென்மார்க் 2003ல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. கும்மரோ தொண்ணூறு வயதைத் தாண்டியும் விடாமல் அமெரிக்க அரசுத் துறையிடம் மனு போட்டு, வழக்கும் போட்டார், 2015ல்தான் அங்கே பாதியில் நிறுத்திய ஹைட்ரஜனேற்றக் கொழுப்பை விலக்கும் முடிவு வந்தது. இந்தியாவில் 2022 ஜனவரியிலிருந்து எண்ணெயிலும் கொழுப்பிலும் 2 சதவீதம்தான் எல்லை.

சட்டம் இருக்கிறது, ஆனால் லேபிள் இல்லாத டப்பாவுக்கு யார் பொறுப்பு? பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் ‘ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு’ என்று இருக்கிறதா என்று பாருங்கள், டிரான்ஸ் கொழுப்பு எவ்வளவு என்ற வரியையும் படியுங்கள். டிரான்ஸ் இல்லை என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் பாமாயிலிலிருந்து எடுத்த கெட்டிக் கொழுப்பாக இருக்கும், நிறைவுற்ற கொழுப்பு அதில் நிறையவே உண்டு, அதை அளவில்லாமல் சாப்பிட அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பேக்கரிக்காரரின் மாதிரியை, கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பகுப்பு மானியில், 100 மீட்டர் நீள மெல்லிய குழலில் ஓட்டினோம். ஒலியிக் அமிலத்தின் கூர்முகடு வருவதற்குச் சற்று முன்னால் தாழ்வான ஒரு மேடு, சின்னச் சின்ன முகடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி. அதுதான் நிமிர்ந்துபோனவர்களின் கூட்டம். 2 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. திரையில் விரலால் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார், “என் பையனும் தினம் இதைத்தான் சார் சாப்பிடுறான்” என்றார். அடுத்த வாரம் சீல் வைத்த, லேபிள் ஒட்டிய மூன்று பாக்கெட்டுகளோடு வந்து, மூன்றையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்.