துணையில்லாமல் மலைக்கு வந்த பிள்ளைக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம் கேரட் கழுவும் இடத்துக்கு விடியற்காலையில் போனால், மூட்டைகளுக்கு நடுவே சில நாள் ஒரு சின்ன முகமும் தெரியும். போன டிசம்பரில் நான் பார்த்த பையனுக்கு ஸ்வெட்டர் முழங்கால்வரை தொங்கியது. விரல் நுனியெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. எந்த ஊர் என்றேன். ஜார்க்கண்ட் என்றான். அப்பா அம்மா எங்கே என்று கேட்பதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். "மாமா கூட வந்த பையன்தாங்க. ஆதார்ல பதினெட்டு ஆயிடுச்சு" என்றார். யாரிடம் சொல்வது என்று அன்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அப்புறம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் அந்த "மாமா". குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் வந்த திருத்தப்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. குடும்பத் தொழிலில் ஒத்தாசை செய்யலாம் என்று ஒரு விலக்கு உண்டு. மாமா, சித்தப்பா, அத்தைகூட அந்தக் குடும்பத்தில் அடக்கம். ஆனால் அதுவும் பள்ளி விட்ட பிறகு, அல்லது லீவு நாளில், ஆபத்தில்லாத வேலையில் மட்டும். அடுத்தவர் தோட்டத்தில் மாமாவோடு சேர்ந்து கூலிக்கு நிற்பது குடும்பத் தொழில் ஆகாது. மீறி வேலைக்கு வைத்தவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டுவரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது.

"ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருகிறேன்" என்று சம்பளத்தைப் பிடித்து வைப்பது தனிக் குற்றம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 79-ஆம் பிரிவில் இதற்கு 5 ஆண்டுவரை கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம். 17 வயதுப் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

அடுத்து ஆதார். வயதில் சந்தேகம் வந்தால் எதைப் பார்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 94-ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது: பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பு வயதுப் பரிசோதனை. ஆதார் இந்த வரிசையிலேயே இல்லை. ஆதாரை வைத்து வயதை முடிவு செய்ய முடியாது என்று 2024-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஜனவரி 1 என்று பிறந்த நாள் போட்ட அட்டையைக் காட்டினால் கொஞ்சம் கூடுதலாகவே விசாரியுங்கள். தேதி தெரியாதவர்களுக்கு வழக்கமாக விழுவது அந்த நாள்தான்.

சீசன் சமயத்தில் ஊட்டி, குன்னூர் பக்கம் ஓட்டலிலோ காட்டேஜிலோ, "பாவம், யாருமில்லை" என்று பிள்ளையை வைத்துக்கொள்பவர்கள் உண்டு. மனசு நல்ல மனசுதான். ஆனால் தொலைந்த, கைவிடப்பட்ட, ஆதரவில்லாத பிள்ளை கைக்கு வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண், காவல் நிலையம், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, இதில் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம். சொல்லாமல் இருந்தால் 6 மாதம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பரிவோடு வைத்திருந்தேன் என்பது இதற்குப் பதில் ஆகாது.

மீட்ட பிள்ளையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுவர வேண்டும். பெற்றோர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. உடனே ரயில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. ஏஜென்டிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பி வைத்ததே வீடாகவும் இருக்கலாமே! விசாரித்து, திரும்பிப் போவது பிள்ளைக்கு நல்லது என்று தெரிந்த பிறகே சொந்த மாவட்டக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் துணைக்குப் பெண் காவலர் போக வேண்டும்.

பாலியல் தொல்லை என்ற சந்தேகம் இருந்தால் போக்சோ சட்டம் வருகிறது. தெரிந்தவர் எவரும் சொல்லியே ஆக வேண்டும். வாக்குமூலம் வாங்கும் அதிகாரி சீருடையில் வரக் கூடாது, இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது, மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஜார்க்கண்ட் பக்கத்து மொழிகளான சந்தாலியோ சாத்ரியோ மட்டுமே பேசத் தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கடைசி உரிமைதான் உயிர்நாடி. குழுவில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளையை, வயதுச் சான்று இல்லை, டி.சி. இல்லை என்று அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து 18 ஆனவர்களுக்கு 21 வயதுவரை பின்பராமரிப்பு உதவி உண்டு.

1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறிய குடும்பங்கள் நம்மோடு இருக்கின்றன. தெரியாத குளிரில், எஸ்டேட்டில் தெரியாத லைன் வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு), சின்ன வயதில் முதல் ராத்திரி எப்படி இருந்தது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். அப்பா அம்மா கூட இருந்தும் அப்படி.

1098 இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள். எஸ்டேட் பெயர் மட்டும் சொன்னால் மலையில் கண்டுபிடிப்பது கஷ்டம். எந்த டிவிஷன், எந்த லைன், பக்கத்தில் எந்த பஸ் ஸ்டாப், வண்டி எத்தனை மணிக்கு ஆளேற்ற வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேரட் வேலை என்றால் நள்ளிரவிலேயே தலையில் லைட் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். பகலில் தேடிப் போனால் பிள்ளை அங்கே இருக்காது.