காலில் தொடங்கி முழங்கையில் முடியும் 0.15 நொடி

ஐபிஎல் புள்ளிப்பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் ஓர் அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர், தொடர் பாதியில் இருக்கும்போதே வேலையை விட்டுவிட்டு ஒரு கல்லூரி அணிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு என்ன ஆச்சு என்றுதான் கேட்போம். 2022 ஜூன் கடைசியில் அமெரிக்க பேஸ்பாலில் ஏறத்தாழ அதுதான் நடந்தது. மினசோட்டா ட்வின்ஸ் அணி தன் பிரிவில் முன்னணியில் இருந்தது. அதன் பிட்சிங் கோச், அதாவது பந்தை எறியும் பிட்சர்களுக்கான பயிற்சியாளர், வெஸ் ஜான்சன் விலகி, எல்.எஸ்.யூ. என்று அழைக்கப்படும் லூசியானா மாநிலப் பல்கலைக்கழக அணியில் அதே வேலைக்குச் சேர்ந்தார்.

அவர் வந்த வழியே கொஞ்சம் வித்தியாசமானது. ஆர்கன்சாவில் பள்ளி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர், டல்லாஸ் பாப்டிஸ்ட், மிசிசிப்பி ஸ்டேட், ஆர்கன்சா என்று ஒவ்வொரு கல்லூரியாக மேலே ஏறினார். 2018 இல் ஆர்கன்சா அணி கல்லூரி உலகத் தொடர் என்ற அமெரிக்கக் கல்லூரிகளின் கோப்பைப் போட்டியில் இறுதிவரை போய்த் தோற்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் ட்வின்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. கல்லூரியிலிருந்து நேராக, உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீகின் பிட்சிங் கோச் பதவிக்கு ஒருவர் தாவுவது மிக அரிது. அதுவரை கல்லூரிப் பயிற்சியாளரை யாரும் அந்த அளவுக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2023 ஜூலை வரை, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதியே அப்படித்தான்: ஒரு தலைமைப் பயிற்சியாளர், சம்பளம் வாங்கும் உதவியாளர்கள் இருவர், அப்புறம் சம்பளமே இல்லாத தன்னார்வலர் ஒருவர். பிட்சிங் கோச் பெரும்பாலும் அந்த இரண்டு உதவியாளர்களில் ஒருவர். பள்ளி மைதானங்களைச் சுற்றி ஆள் தேடிப் பிடிப்பதும் அவர் தலையில்தான் விழும்.

சரி, இப்படிப்பட்ட ஒருவர் ஒரு பிட்சரிடம் என்னதான் மாற்றுகிறார்?

முதலில் அந்த எறிதலைப் பார்த்துவிடுவோம். பிட்சர் நம் வேகப்பந்து வீச்சாளரைப் போல ஓடிவர முடியாது. 25 சென்டிமீட்டர் உயர மண்மேட்டில், ரப்பர் பட்டையில் ஒரு காலை வைத்து, நின்ற இடத்திலிருந்தே எறிய வேண்டும். மட்டையாளர் நிற்கும் தட்டு 18.44 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஷோயப் அக்தர் 2003 இல் நீண்ட தூரம் ஓடிவந்து வீசிய பந்தின் வேகம் மணிக்கு 161.3 கிலோமீட்டர். எல்.எஸ்.யூ.வில் ஜான்சன் கையில் கிடைத்த பால் ஸ்கீன்ஸ் நின்ற இடத்திலிருந்தே 102 மைல், அதாவது 164 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். பந்து கிரிக்கெட் பந்தைவிடச் சற்று இலேசு என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு: பேஸ்பாலில் முழங்கையை மடக்கி எறியலாம். கிரிக்கெட்டில் வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் அது விதிமீறல். இங்கே அந்த மடக்குதான் சாட்டையின் கடைசி முடிச்சு.

சாட்டை என்பது வெறும் உவமை இல்லை. முன்கால் தரையில் பதிந்த நொடியிலிருந்து பந்து விரலை விட்டுப் போகும் வரை ஏறத்தாழ 0.15 நொடிதான். அதற்குள் இடுப்பு முதலில் சுழல்கிறது, நொடிக்குச் சுமார் 600 டிகிரி. மார்பு இன்னும் பின்னால் திரும்பியே இருக்கிறது. அந்த முறுக்கு அவிழும்போது உடற்பகுதி 1,200 டிகிரிக்கு எகிறுகிறது. கடைசியில் தோள்மூட்டில் மேற்கை உள்நோக்கிச் சுழலும் வேகம் நொடிக்கு 7,000 டிகிரியை ஒட்டி வருகிறது. பெரிய எலும்பிலிருந்து சின்ன எலும்புக்கு ஆற்றல் கைமாறிக்கொண்டே போகிறது. கொடுத்தவர் சட்டென்று நின்றால்தான் வாங்குபவர் வேகமெடுப்பார். அதனால்தான் முன்கால் முட்டி தளராமல் விறைப்பாக நிற்க வேண்டும் என்று கோச் கத்துகிறார். நம் வேகப்பந்து வீச்சாளருக்குச் சொல்லப்படும் அதே பாடம்.

ஆகவே கைக்கு வேகம் வேண்டுமென்றால் காலைப் பார்க்க வேண்டும். மேட்டுக்கு அடியில் விசைத்தட்டுகளைப் பதித்து, கால் தரையை எந்த நேரத்தில், எந்தத் திசையில், எவ்வளவு தள்ளுகிறது என்று அளக்கிறார்கள். ஜான்சன் பெயர் வாங்கியதே இந்த உடலியக்கக் கணக்கில்தான். 'தோளைத் தூக்கு, பந்தை முன்னால் விடு' என்று கண்ணளவில் சொல்லிவந்த தலைமுறைக்கு இது புதிது.

அடுத்தது பந்து. 108 தையல்கள் கொண்ட இந்தத் தோல் உருண்டை 0.4 நொடியில் தட்டை அடைந்துவிடுகிறது. மட்டையைச் சுழற்றவே 0.15 நொடி போய்விடும் என்பதால், பந்து பாதித் தூரம் வருவதற்குள் அடிப்பதா விடுவதா என்று மட்டையாளர் முடிவெடுத்தாக வேண்டும். மீதி ஊகம். அந்த ஊகத்தைக் கெடுப்பதுதான் சுழற்சியின் வேலை.

சுழலாத பந்து அந்த 0.4 நொடியில் புவியீர்ப்பால் சுமார் 80 சென்டிமீட்டர் இறங்கும். நல்ல ஃபாஸ்ட்பால் நிமிடத்துக்கு 2,300 சுற்று என்ற அளவில் பின்சுழற்சியோடு போகிறது. தட்டை அடைவதற்குள் 15 தடவை உருண்டுவிடும். பின்சுழற்சி காற்றைக் கீழே திருப்பிவிடுகிறது, காற்று பந்தை மேலே தள்ளுகிறது. இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். அந்த 80 இல் ஏறத்தாழ பாதியை இது மிச்சப்படுத்திவிடும். பந்து உண்மையில் மேலே எழுவதில்லை, எதிர்பார்த்த அளவு இறங்குவதில்லை, அவ்வளவுதான். ஆனால் மட்டையாளர் கண்ணுக்கு அது எழும்பியதாகவே படுகிறது; மட்டை அதற்குக் கீழே காற்றை வெட்டுகிறது.

சுழற்சி எவ்வளவு என்பதைவிட எந்த அச்சில் என்பது முக்கியம். துப்பாக்கிக் குண்டு போலப் பயணத் திசையையே அச்சாக வைத்துச் சுழன்றால் மேக்னஸ் தள்ளல் கிடையாது. ஸ்லைடர் என்ற வகைப் பந்தில் அந்தச் சுழற்சி நிறைய இருக்கும். ராப்சோடோ, டிராக்மேன் போன்ற கருவிகள் இதை எறிந்த மறுநொடி திரையில் காட்டுகின்றன. எட்ஜர்ட்ரானிக் என்ற அதிவேகக் கேமரா, கடைசியாகப் பந்தை விட்டது ஆள்காட்டி விரலா நடுவிரலா என்பதுவரை காட்டிக்கொடுக்கும். கோச் செய்வது பல சமயம் இவ்வளவுதான்: விரலைத் தையலில் அரை அங்குலம் நகர்த்தி வை, இன்னொரு பந்து எறி, திரையைப் பார். யூட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் ஸ்மித் குழுவினர், தையல் நிற்கும் இடமே காற்றோட்டத்தைப் பிரித்து, சுழற்சிக் கணக்கில் வராத ஒரு விலகலைத் தரும் என்று காட்டினார்கள். கிரிக்கெட்டில் ஸ்விங் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் அவ்வளவு ஆச்சரியம் இருக்காது என்பது என் எண்ணம்.

ஆட்டத்தின்போதும் கோச் சும்மா இருப்பதில்லை. கல்லூரி ஆட்டத்தில் அடுத்த பந்து என்ன என்பதைப் பெரும்பாலும் அவரே முடிவு செய்கிறார். மணிக்கட்டில் கட்டிய அட்டையில் இருக்கும் எண்ணைக் கத்திச் சொல்வது ஒரு வழி. 2022 முதல் ஒருவழி மின்னணுக் கருவிக்கும் அனுமதி உண்டு.

ஸ்கீன்ஸ் விமானப்படை அகாதமியில் கேட்சராகவும் (தட்டுக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) பிட்சராகவும் இருந்துவிட்டு எல்.எஸ்.யூ.வுக்கு வந்தவர். இங்கே பிட்சிங் மட்டும். 2023 இல் 209 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து, அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றி, அதே கல்லூரியின் பென் மெக்டொனால்ட் 1989 இல் வைத்த 202 என்ற எஸ்.இ.சி. (எல்.எஸ்.யூ. ஆடும் கல்லூரிக் கூட்டமைப்பு) சாதனையை முறியடித்தார்.

இத்தனைக்கும் விலை கொடுப்பது முழங்கையின் உட்பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் தசைநார். கை பின்னால் மடங்கிக் கிடந்து முன்னால் பாயத் தொடங்கும் அந்தக் கணத்தில் முழங்கையை வெளிப்பக்கம் பிளக்கும் முறுக்கு விசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். மடக்கிய கையின் உள்ளங்கையில் 20 கிலோ அரிசி மூட்டையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டது போல. சடலங்களின் முழங்கையில் சோதித்தபோது அந்தத் தசைநார் தனியாக அதில் பாதி அளவிலேயே அறுந்துவிட்டது. மீதியைத் தாங்குவது முன்கைத் தசைகள். தசை களைத்தால் பாரம் தசைநார் பக்கம் சாய்கிறது. பிட்சர் எறியும் பந்துகளை எண்ணுவதற்கு இதுதான் காரணம். தசையைப் பயிற்சியால் வளர்க்கலாம், காலைத் திருத்தலாம், விரலை நகர்த்தலாம். தசைநார் அந்த வேகத்தில் வளராது.

அறுந்தால் மாற்றி வைக்கலாம். 1974 இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலாக அதைச் செய்தார். இன்னொரு கையின் முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து முழங்கை எலும்புகளில் துளையிட்டுக் கோத்தார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துவைத்து மணிக்கட்டை லேசாக மடக்கிப் பாருங்கள், நடுவில் ஒரு கயிறு துருத்தும். அதுதான். சிலருக்கு அது பிறவியிலேயே இருக்காது, ஒரு குறையும் தெரியாது. டாமி ஜான் 1976 இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார்.

எனக்கு உறுத்துவது இந்தக் காலக்கணக்குதான். வேகம் கூடினால் திரை உடனே சொல்லும், கோச்சுக்கு அடுத்த பெரிய வேலை கிடைக்கும். தசைநாரின் கணக்கு ஆண்டுகள் கழித்து வரும். அதற்குள் பையன் வேறு அணியில், கோச் வேறு ஊரில். இது ஜான்சன் மீதான குறை இல்லை, அந்தத் தொழிலின் அமைப்பே அப்படி. அவரும் எல்.எஸ்.யூ.வில் ஒரே ஒரு பருவம்தான் இருந்தார், அப்புறம் ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார்.

அந்த ஒரு பருவத்தின் கடைசி நாட்கள், கல்லூரி உலகத் தொடர் நடக்கும் ஒமாஹாவில். ஜூன் 17 அன்றும் 22 அன்றும் ஸ்கீன்ஸ் தலா 120 பந்துகளை ஒட்டி எறிந்திருந்தார். இறுதிச் சுற்றின் இரண்டாம் ஆட்டத்தில் எல்.எஸ்.யூ. ஃபுளோரிடாவிடம் 24-4 என்று சிதறியது. மறுநாள் 26 ஆம் தேதி, மூன்றாவது ஆட்டம், தோற்றால் கோப்பை போச்சு. நாட்டின் மிகச் சிறந்த கல்லூரி பிட்சருக்கு நடுவே மூன்று நாள் ஓய்வு கிடைத்திருந்தது. எல்.எஸ்.யூ. 18-4 என்று வென்றது. ஸ்கீன்ஸ் அன்று ஒரு பந்துகூட எறியவில்லை. இரண்டு வாரம் கழித்து மேஜர் லீக் அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நாட்டிலேயே முதல் ஆளாக அவரை எடுத்தது.