பங்கர்: பதுங்குகுழியா, காப்பரணா?

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒருவருக்கு பங்கர் என்றால் என்ன என்று விளக்கத் தேவையில்லை, ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஆங்கிலம் என்பதோடு நிறுத்திவிடுவோம். ஸ்கொட்லாந்துப் பேச்சில் அது முதலில் ஒரு பெட்டி, மேலே உட்காரவும் செய்யலாம். அப்புறம் கப்பலில் நிலக்கரி கொட்டிவைக்கும் அறை, கோல்ஃப் திடலில் மணற்குழி. ஜெர்மன்காரர் கைக்குப் போனபிறகுதான் போர்ப் பொருள் ஏறியது: கொங்கிரீட் சுவர், அதில் துவக்கு நீட்ட ஒரு துளை.

எங்கள் வீட்டு பங்கரில் துவக்கும் இல்லை, துளையும் இல்லை. 1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கி யாழ்தேவி ரயிலும் நின்றுபோக, தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் கழன்று பங்கர்களுக்குக் கூரையாகின. எங்களுக்கு வாய்த்தது பனங்குற்றி. வலிகாமத்துச் செம்மண்ணைக் கொஞ்சம் தோண்டினால் கல் வந்துவிடும், அலவாங்கு இல்லாமல் ஆகாது (அலவாங்கு என்றால் கடப்பாரை; போர்த்துக்கேயச் சொல், அதற்கு யாரும் தமிழ் தேடி அலைவதில்லை). வாசலில் ஷெல் விழுந்தாலும் சிதறுதுண்டு நேரே உள்ளே வரக்கூடாது என்று அப்பாவும் சித்தப்பாவும் ‘ட’ வடிவில் வெட்டினார்கள். அப்போது எனக்குப் பத்து வயது, உள்ளே நிமிர்ந்து நிற்பேன். பதின்மூன்றில் குற்றி தலையில் இடித்தது. சோதனைக்குப் படித்ததும் அதற்குள்தான், ஜாம் போத்தல் விளக்கில். பதினைந்தில், வெட்ட ஆளில்லாத பக்கத்து வீட்டு ஆச்சி "வா தம்பி, நீதானே இப்ப பெரிய ஆள்" என்று அலவாங்கைக் கையில் தந்தார். மீசை அப்போதும் வரவில்லை.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பதுங்கு, குழி: பதுங்குகுழி. இதை பங்கரின் மொழிபெயர்ப்பு என்பதைவிட எங்கள் குழிக்கு உரிய சொந்தப் பெயர் என்றே சொல்வேன், ஏனென்றால் அது சுடுவதற்கு வெட்டியதல்ல, ஒளிவதற்கு வெட்டியது. இதற்கு உறவான பதுக்கு என்ற வினையிலிருந்து வந்த இன்னொரு சொல் சங்கப் பாடல்களில் இருக்கிறது, பதுக்கை. பாலை வழியில் அம்பு பட்டு இறந்தவர் உடலை மூடிய கற்குவியல். அகராதியில் அதைக் கண்ட அன்று மேலே படிக்க முடியவில்லை. குண்டு விழுந்து, உள்ளே இருந்தவர்களோடு மூடிக்கொண்ட குழிகள் எங்கள் பக்கத்திலும் இருந்தன.

படையினர் காவல் நின்று சுடுகிற பங்கரையும் பதுங்குகுழி என்று எழுதுவதில் எனக்குச் சம்மதமில்லை. அது காப்பரண், பத்திரிகைகளில் காவலரண் என்றும் வரும். ஆனால் கதை எழுதுகிறவர்கள் உரையாடலில் பங்கரை பங்கராகவே விடுங்கள். பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டதும் "பதுங்குகுழிக்குள் ஓடு பிள்ளை" என்று எந்த அம்மாவும் கத்தி நான் கேட்டதில்லை.