பனிச்சறுக்கு நடனம் அன்று, கோலச்சறுக்கு

ஜனவரி மாதத்து டில்லியில் பனி என்றால் என்னவென்று இங்கே குடியிருக்கும் எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்வார்: எதிரே வரும் வண்டி தெரியாது, விமானம் நேரத்துக்குக் கிளம்பாது, சென்னையிலிருந்து வரும் ரயில் எப்போது வந்து சேரும் என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அந்தப் பனியில் யாரும் சறுக்குவதில்லை. அப்படிப்பட்ட ஒரு மாலையில், மயூர் விஹாரில் இருக்கும் என் தங்கை வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர், “ஆடவர் பனிச்சறுக்கு நடனப் போட்டியில் நீதிபதிகள் வழங்கிய மதிப்பெண்ணால் ரசிகர்கள் கொந்தளிப்பு” என்று ஒரே மூச்சில் படித்து முடித்தார். இதே தொடரைப் பல ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்தவன் நான். அன்று எனக்கு முன்பே என் தங்கை மகள் பொறுமை இழந்தாள். கல்லூரியில் படிக்கும் அவள், இரவு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டாவது இந்த விளையாட்டைப் பார்ப்பவள். “மாமா, இது டான்ஸே இல்லையே, அப்புறம் ஏன் நடனம்னு சொல்றாங்க?” என்று கேட்டாள். அவளுக்கு அன்று சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

கத்தி பொருத்திய காலணியோடு பனிக்கட்டித் தளத்தில் இசைக்குத் தாவியும் சுழன்றும் ஆடும் இந்த விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் ஃபிகர் ஸ்கேட்டிங் என்று பெயர். ஸ்கேட் என்பது டச்சு மொழியிலிருந்து வந்தது; டச்சுக்காரர்கள் அதைப் பழைய பிரெஞ்சிலிருந்து எடுத்தார்கள்; அங்கே அதற்குப் பொய்க்கால் என்று பொருள். அந்த வரலாறு இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது முன்சொல்லான ஃபிகர். அது ஆட்டக்காரரின் உடலையோ உடல்வாகையோ குறிப்பதன்று. காலணியின் அடியில் இருக்கும் கத்தி பனிக்கட்டியின் மேல் கீறிச் செல்லும் வடிவத்தைக் குறிப்பது. ஒரு வட்டம், அதை ஒட்டி இன்னொரு வட்டம், இரண்டும் சேர்ந்தால் எட்டு, அந்த எட்டுக்குள் சிறு வளைவுகளும் திருப்பங்களும் என்று இந்த வடிவங்களை வரைவதுதான் தொடக்கத்தில் விளையாட்டாகவே இருந்தது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வடிவம் வரைவதற்கென்றே தனிப் போட்டி ஒன்று நடந்து, ரஷ்யரான நிக்கலாய் பானின் அதில் தங்கம் வென்றார். அதன் பிறகும் பல பத்தாண்டுகளுக்கு, விதித்த வடிவங்களை ஒவ்வொரு வீரரும் வரைந்து காட்ட வேண்டியிருந்தது. ஒரே கோட்டின் மேல் மூன்று முறை கத்தி போக வேண்டும். வீரர் விலகியதும் நடுவர்கள் பனிக்கட்டியின் மேல் இறங்கி வந்து, குனிந்து, கோடு எங்கே விலகியிருக்கிறது என்று பார்ப்பார்கள். கனடாவின் டோலர் க்ரான்ஸ்டன் இசைக்கு ஆடும் பகுதியில் அரங்கையே கட்டிப்போட்டவர். ஆனால் வடிவம் வரைவதில் பின்தங்கியதால் 1974 உலகப் போட்டியிலும் 1976 ஒலிம்பிக்கிலும் அவருக்கு வெண்கலத்துக்கு மேல் கிடைக்கவில்லை. இந்தக் கட்டாய வடிவங்கள் 1990-க்குப் பிறகு பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டன. வடிவம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இனி நம் வழக்குக்கு வருவோம். பனிச்சறுக்கு என்ற சொல்லில் எனக்குச் சண்டையில்லை, அது தன் இடத்தில் இருக்கும் வரை. குல்மார்க்கிலும் அவுலியிலும் மலைச்சரிவில் பொழிந்து கிடக்கும் வெண்பனியின் மேல் நீண்ட பட்டைகளைக் காலில் கட்டிக்கொண்டு இறங்குவது பனிச்சறுக்குதான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து சென்ற ஒரே வீரரான ஆரிஃப் கானைப் பனிச்சறுக்கு வீரர் என்று எழுதியவர்கள் சரியாகவே எழுதினார்கள். ஆனால் சிறு வண்டியில் மல்லாந்து படுத்தபடி பனிக்கட்டிப் பாதையில் பாய்ந்த சிவ கேசவனுக்கும் அதே சொல், நான்கு முறை காற்றில் சுழன்று ஒற்றைக் காலில் இறங்கும் ஜப்பானின் யுசுரு ஹான்யுவுக்கும் அதே சொல் என்றால், அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போகிறது. தமிழில் பனி என்பது முதலில் குளிரும் துளியும். முன்பனி, பின்பனி என்று பருவத்துக்குப் பெயர் வைத்தவர்கள் நாம். பனித்தல் என்றால் நடுங்குதல் என்றும் பொருள் உண்டு. சமதளமாக உறைந்து கெட்டிப்பட்ட நீரை நாம் பனிக்கட்டி என்கிறோம். அந்தக் கட்டியை விட்டுவிட்டுப் பனியை மட்டும் எடுத்துக்கொண்டது மொழிபெயர்த்தவரின் சோம்பல்.

இதைவிடப் பெரிய தவறு நடனம். பனி நடனம் என்பது வேறு போட்டி. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைந்து ஆடுவது, 1976 முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறுவது. ஆடவர் தனிப்பிரிவுக்கு அந்தப் பெயரை வைத்தால், உண்மையான பனி நடனத்துக்கு எந்தப் பெயரை வைப்பார்கள்? பெயர்க் குழப்பமாக மட்டும் இருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். மதிப்பெண் வரும்போது இந்தச் சொல் பார்ப்பவரின் புத்தியையும் கெடுக்கிறது என்பதுதான் என் குறை. நடனம் என்று சொல்லிப் பழக்கியதால், நம்மவர் அதை நடனமாகவே பார்க்கிறார்கள். நளினமாக ஆடியவருக்குக் குறைந்தால் அநியாயம் என்கிறார்கள், நாலு சுற்றுச் சுற்றியவருக்குக் குறைந்தால் நடனத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார்கள் என்கிறார்கள்.

ஒரே ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 2010 வான்கூவரில் ரஷ்யாவின் எவ்கெனி பிளஷெங்கோ நான்கு சுற்றுத் தாவலைச் செய்து காட்டியும் வெள்ளிதான் பெற்றார். நான்கு சுற்றுத் தாவலையே முயலாத அமெரிக்கர் எவன் லைசாசெக் 1.31 புள்ளி வேறுபாட்டில் தங்கம் வென்றார். உலகமெங்கும் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இன்றும் அந்த வழக்கு தீரவில்லை. என் மைத்துனர் பிளஷெங்கோ கட்சி. “டான்ஸுக்கு மார்க் போட்டு ஏமாத்திட்டாங்க மச்சான்” என்பது அவருடைய தீர்ப்பு. அன்று மாலை அந்த மதிப்பெண் பட்டியலைக் கைப்பேசியில் எடுத்து அவர் முன்னால் வைத்தேன். இறுதிச் சுற்றில் கலைக்கூறுகளுக்கு இருவரும் பெற்றது ஒரே எண்: 82.80. அந்தச் சுற்றின் வேறுபாடு முழுவதும் தொழில்நுட்பப் பக்கத்தில் இருந்தது, லைசாசெக்குக்கு 84.57, பிளஷெங்கோவுக்கு 82.71. ஆட்டத்தின் பிற்பாதியில் செய்யும் தாவலுக்கு அப்போது 10 விழுக்காடு கூடுதல் மதிப்பு உண்டு. லைசாசெக் கூடுதலான தாவல்களைப் பிற்பாதிக்குத் தள்ளிவைத்திருந்தார். இந்த விதி நியாயமானதா என்று சண்டை போடலாம், தாராளமாகப் போடலாம். நடனத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்ல இடமே இல்லை. மைத்துனர் பட்டியலை இருமுறை பார்த்துவிட்டு, கைப்பேசியைத் திருப்பித் தந்து, முறுக்கு எடுக்கப் போனார்.

ஆக்ஸல் தாவலிலும் இதுவே கதை. 1882-இல் நார்வேக்காரரான அக்செல் பால்சன் செய்து காட்டிய அந்தத் தாவல் முன்னோக்கி எழும்புவது. பின்னோக்கி இறங்க வேண்டியிருப்பதால் எப்போதும் அரைச் சுற்று அதிகம். நான்கரைச் சுற்றை 2022 பெய்ஜிங்கில் ஹான்யு முயன்றார். சுற்று முழுமையடையவில்லை, விழவும் செய்தார், நான்காம் இடம் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் இலியா மாலினின் லேக் பிளாசிடில் அதைப் போட்டியில் முதன்முதலாகச் சாதித்தார். கால் சுற்றுக் குறைந்ததா, அரைச் சுற்றுக் குறைந்ததா என்று முடிவு செய்பவர்கள் நடுவர்கள்கூட அல்லர், தனியாக அமர்ந்திருக்கும் தொழில்நுட்பக் குழுவினர். இவ்வளவு அளவையும் கணக்கும் உள்ள ஒன்றை நடனம் என்ற ஒரே சொல்லில் மூடிவிட்டால், பார்ப்பவர் எதைக் கண்டு கோபப்படுவது என்றே தெரியாமல் கோபப்படுவார்.

உருவச் சறுக்கு என்று ஒரு நண்பர் சொல்லிப் பார்த்தார். அகராதியைத் திறந்து ஃபிகருக்கு நேரே முதலில் கண்ட சொல்லை எடுத்ததன் விளைவு அது. உருவம் எங்கே சறுக்குகிறது? கேட்டவர் ஏதோ பேய்க்கதை என்று நினைப்பார்.

என் பரிந்துரை கோலச்சறுக்கு. தரையில் வரையும் வடிவமும் கோலம், அழகும் கோலம், மணக்கோலம் தவக்கோலம் என்று ஒருவர் ஏற்கும் தோற்றமும் கோலம். தொடக்கத்தில் கத்தி வரைந்த வடிவத்தையும், அது ஒழிந்த பின் இன்றைக்கு எஞ்சியிருக்கும் ஒயிலையும் ஒருசேரத் தாங்கும் சொல் ஆங்கிலத்திலேயே இல்லை. நம்மிடம் வாசலிலேயே கிடக்கிறது. சரியாக அமையாத ஆட்டத்தைச் சொல்ல அலங்கோலம் என்ற சொல்லும் இலவசமாகக் கிடைக்கிறது. என் தங்கை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “கோலத்து மேல சறுக்கினா கோலம் அழிஞ்சுதானே அண்ணா போகும்?” என்றாள். இங்கே சறுக்கும் காலே கோலம் போடுகிறது என்றேன். அப்படியானால் புள்ளி வைப்பது யார் என்று கேட்டாள். நடுவர் என்று சொல்லிச் சமாளித்தேன், மருமகள் சிரித்துவிட்டாள்.

நடுவர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நீதிபதி இருப்பது நீதிமன்றத்தில். நடுவு என்ற நிலையைப் பெயரிலேயே வைத்திருக்கும் சொல் இருக்க, பனிக்கட்டித் தளத்தின் ஓரத்தில் நீதிபதிகளை உட்காரவைப்பவர்களை என்ன சொல்வது? “ஹான்யு கொள்ளையடிக்கப்பட்டார்” என்று ரசிகர் கோபத்தை மொழிபெயர்த்த ஒரு தமிழ் வரியையும் பார்த்தேன். பணப்பையைப் பறிகொடுத்தாரோ என்று ஒரு கணம் பதறினேன். ஒருபக்கம் சாய்ந்து மதிப்பெண் போடுவதற்கு ஓரவஞ்சனை என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்த சொல் உண்டு. அதைவிடக் கூர்மையாக எந்த ரசிகராலும் திட்ட முடியாது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சறுக்கு என்பது வேறு, சறுக்கல் என்பது வேறு. பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்தில் குழந்தை வேண்டுமென்றே சறுக்குகிறது. யானைக்கு அடி சறுக்குவது வேண்டாமலே நடப்பது. “இறுதிச் சுற்றில் மாலினின் சறுக்கினார்” என்று தலைப்பிட்டால், அவர் ஆடினாரா விழுந்தாரா என்று படிப்பவருக்குத் தெரியாது. ஆகவே ஆடியதை ஆடினார் என்றே எழுதலாம், விழுந்ததை விழுந்தார் என்றே எழுதலாம், ஆடுபவரைக் கோலச்சறுக்கு வீரர் எனலாம். கோலச்சறுக்கர் என்று ஒரு சொல்லை நானே முதலில் எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னதும் அடித்துவிட்டேன்.