சொந்த விமானத்துக்குப் பெயிண்ட் எத்தனை லிட்டர்?

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனம் விமானத்தைப் பாகம் பாகமாகப் பெட்டியில் அடைத்து விற்கிறது. வாங்குபவர் தன் வீட்டு கராஜில் வைத்து அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்து, தானே விமானம் கட்டிக்கொள்ளலாம். வேலையில் பெரும்பகுதியைக் கட்டுபவர் தன் கைப்படச் செய்திருக்க வேண்டும் என்பதுதான் அந்நாட்டு விமானத் துறையின் முக்கிய நிபந்தனை. இப்படிக் கட்டப்பட்ட, இந்நிறுவனத்தின் ஆர்.வி. வகை விமானங்கள் பத்தாயிரத்துக்கும் மேல் பறந்திருக்கின்றன.

கட்டி முடித்ததும் பெயிண்ட் பற்றிய பேச்சு வரும். தொழில்முறைக் கடையில் கொடுத்தால் 10,000 டாலருக்குக் குறையாது. அதில் பெரும்பங்கு கூலி. இத்தனை வருஷம் ரிவெட் அடித்த கைக்கு ஸ்ப்ரே கன் பிடிக்க வராதா என்று பலர் தாங்களே இறங்கிவிடுகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் எத்தனை லிட்டர் வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டாக வேண்டும். வீட்டுச் சுவரில் ஒரு கோட் கூடிப்போனால் காசுதான் கூடும். விமானத்தில் எடையும் கூடும், அதுவும் நிரந்தரமாக. அதனால் பெயிண்ட் படலம் காய்ந்தபின் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இருக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். லிட்டர், காசு, எடை மூன்றும் அதிலிருந்து தானாக வந்துவிடும்.

இரண்டு பேர் உட்காரும் ஆர்.வி-7-ஐ எடுத்துக்கொள்வோம். இறக்கையின் பரப்பு 121 சதுர அடி, அதாவது சுமார் 11.2 சதுர மீட்டர். இது மேலிருந்து பார்த்தால் தெரியும் பரப்பு. உடற்பகுதிக்குள் மறையும் பங்கைக் கழித்து, மேல்புறம் கீழ்புறம் இரண்டுக்குமாக இரட்டித்தால் 19 சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். உடற்பகுதியின் நீளம் சுமார் 6.2 மீட்டர். அதை அளக்க நல்ல வழி, அரை மீட்டருக்கு ஒரு இடத்தில் நூலைச் சுற்றி சுற்றளவு எடுத்து, சராசரியை நீளத்தால் பெருக்குவது. கண்ணாடி மூடியைக் கழித்துவிட வேண்டும். வால் பகுதிகளையும் இருபுறமும் சேர்த்தால் மொத்தம் 42 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் ஒன்றிரண்டு சதுர மீட்டர் முன்பின் ஆனாலும் பாதகமில்லை. பெரிய பிழைகள் வேறு இடத்தில்தான் நுழைகின்றன.

டப்பாவில் இருக்கும் பெயிண்ட் முழுவதும் தகட்டில் தங்காது. கரைப்பான் ஆவியாகிப் போகும்; பிசினும் நிறமியும்தான் மிஞ்சும். இந்த மிஞ்சும் திடப் பங்கு எவ்வளவு என்பது பெயிண்டின் தொழில்நுட்பத் தாளில் கன அளவுச் சதவீதமாகப் போட்டிருக்கும். எடைச் சதவீதமும் பக்கத்திலேயே இருக்கும். குழப்பிக்கொண்டால் கணக்கு முழுவதும் தப்பாகும். ஒரு லிட்டர் திரவத்தை ஒரு மைக்ரான் தடிமனில் பரப்பினால் 1,000 சதுர மீட்டர் மூடும். ஆகவே 1,000-ஐத் திடப் பங்கால் பெருக்கி, வேண்டிய மைக்ரானால் வகுத்தால் ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டருக்கு வரும் என்று தெரிந்துவிடும். கலந்து ஸ்ப்ரேக்குத் தயாரான நிலையில் திடப் பங்கு 40 சதவீதம், மேல் பெயிண்ட் 50 மைக்ரான் என்றால், லிட்டருக்கு 8 சதுர மீட்டர்.

ஆனால் அந்த 8 சதுர மீட்டர் காகிதத்தில்தான். ஸ்ப்ரே கன்னிலிருந்து கிளம்பும் துளிகளில் ஒரு பகுதி தகட்டில் படாமல் காற்றோடு போய்விடும். உயர் அழுத்தத்தில் அடிக்கும் பழைய வகைக் கன்னில் மூன்றில் ஒரு பங்குதான் தகட்டில் தங்கும். குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்றைத் தள்ளும் எச்.வி.எல்.பி. கன்னில் 65 சதவீதம் வரை தங்கும். காரணம் எளிது. துளியின் வேகம் அதிகமானால், தகட்டில் மோதித் திரும்பும் காற்று சின்னத் துளிகளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். வேகம் குறைந்தால் துளி நின்று ஒட்டும்.

நாம் 60 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். 42 சதுர மீட்டருக்கு 50 மைக்ரான் படலம் என்றால் காய்ந்த கன அளவு 2.1 லிட்டர். அதை 0.4-ஆலும் 0.6-ஆலும் வகுத்தால் 8.75 லிட்டர். அடியில் போடும் எபாக்ஸி பிரைமர் 25 மைக்ரான் என்றால் அதில் பாதி, சுமார் 4.4 லிட்டர். ஆக மொத்தம் 13 லிட்டர் சொச்சம். சிந்துவது, கப்பில் மிஞ்சுவது எல்லாம் சேர்த்து 15 லிட்டர். பழைய கன்னில் அடித்தால் இது 26-ஐத் தாண்டிவிடும். நல்ல கன்னுக்குக் கொடுக்கும் காசு ஒரே விமானத்தில் திரும்பி வருவது இப்படித்தான்.

இந்த 15 லிட்டர், ஹார்டனரும் (பெயிண்டைக் கெட்டியாக்கும் திரவம்) தின்னரும் கலந்த பிறகு வரும் அளவு என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டு பங்கு பெயிண்ட், ஒரு பங்கு ஹார்டனர், ஒரு பங்கு தின்னர் என்று கலக்கச் சொல்லியிருந்தால் மேல் பெயிண்டுக்கான பங்கில் நிறப் பெயிண்ட் பாதிதான். அந்தப் பங்கு முழுவதையும் நிறமாகவே வாங்கினால் பாதி டப்பா அலமாரியில் கிடக்கும். கலந்ததும் ரசாயன வினை தொடங்கிவிடுவதால், அரை மணி, ஒரு மணியில் அடித்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் கலக்குவது நல்லது.

நிறமும் கணக்கை மாற்றும். வெள்ளைப் பெயிண்டில் இருக்கும் டைட்டானியம் டைஆக்ஸைடின் ஒளிவிலகல் எண் 2.7, சுற்றியிருக்கும் பிசினுக்கு 1.5. இந்த இடைவெளி பெரியது என்பதால் ஒளி நன்றாகச் சிதறி, அடியில் இருப்பது மறைந்துவிடும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் நிறமிகளில் பலவற்றுக்கு அந்த மறைக்கும் வலு இல்லை. பச்சைப் பிரைமர் மேல் நேராக மஞ்சள் அடித்தால் கோட் மேல் கோட் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன வழி உண்டு. கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சின்ன ஸ்டிக்கரை மாஸ்கிங் தாள் மேல் ஒட்டி, தகட்டோடு சேர்த்து அதிலும் அடிக்க வேண்டும். ஒரு கோட்டில் கட்டம் மங்கும். அடுத்த கோட்டில் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். முற்றிலும் மறைந்த கோட்டோடு நிறுத்திவிடலாம். அதற்கு மேல் அடிப்பதெல்லாம் வெறும் எடை.

எவ்வளவு எடை? காய்ந்த படலம் லிட்டருக்கு 1.4 கிலோ என்று கொண்டால், நம் 75 மைக்ரானுக்கு மொத்தம் 4.4 கிலோ. ஒரு கோட் கூடுதலாகவும், மேலே தெளிவான கிளியர் கோட்டும் போட்டு 125 மைக்ரான் ஆக்கினால் 7.35 கிலோ. இது பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் விண்வெளி ஓடத்தை நினைத்துப் பார்க்கலாம். 1981-ல் பறந்த முதல் இரண்டு பயணங்களில் அதன் பெரிய எரிபொருள் தொட்டி வெள்ளை அடித்திருந்தது. பிறகு நாசா பெயிண்டையே விட்டுவிட்டது. சுமார் 270 கிலோ மிச்சம். அதன்பின் பறந்த தொட்டிகள் எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரிவது அதனால்தான்.

இனி காசு. கலந்த பெயிண்ட் லிட்டருக்கு 50 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் 15 லிட்டருக்கு 750 டாலர். இத்தோடு முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் பாதியில் கையைப் பிசைகிறார்கள். உப்புத்தாள், மாஸ்கிங் டேப், தூசி ஒற்றும் துணி, வடிகட்டி, கழுவும் தின்னர், பிளாஸ்டிக் திரையில் கட்டும் கூடாரம், காற்றாடி என்று வரிசையாக வரும். பெயிண்டுக்கு ஆகும் அளவே இவற்றுக்கும் ஒதுக்கிவிடுவது நல்லது என்பேன். எச்.வி.எல்.பி. கன் காற்றை நிறையக் குடிக்கும். சின்ன கம்ப்ரஸர் அதற்கு ஈடுகொடுக்காது. அதையும் வாடகையாகவோ இரவலாகவோ கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு செலவில் மட்டும் கை வைக்கவே கூடாது. பாலியூரிதேன் பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு துளியளவு பட்டாலும் மூச்சு முட்டும். அதன் வாசனை நமக்குத் தெரியும் அளவுக்கு வந்தால் அது ஏற்கெனவே ஆபத்தான அளவு. அதனால் மாஸ்க் வடிகட்டி தீர்ந்துபோனதை மூக்கு சொல்லாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. விலை அதிகம்தான். ஆனாலும் பெயிண்டுக்கு முன்னால் அதை வாங்குங்கள்.

அடிப்பதற்கு முன் தகடு சுத்தமா என்று பார்க்கத் தண்ணீர் போதும். தேய்த்துக் கழுவிய தகட்டில் தண்ணீர் ஊற்றினால் அது உடையாத படலமாக நின்று வடிய வேண்டும். எங்காவது விலகி முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய்ப் பசை இருக்கிறது. பெயிண்ட் உரிவதும் அங்கேதான் தொடங்கும்.

கடைசி வேலை தராசு. விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் அசையும் பாகங்களான எலிவேட்டர், அய்லரான், ரட்டர் ஆகியவற்றில் பெரும்பரப்பு கீலுக்குப் பின்னால் இருக்கிறது. 75 மைக்ரான் பெயிண்ட் சதுர மீட்டருக்கு 105 கிராம். 125 மைக்ரான் என்றால் 175 கிராம். கீலுக்குப் பின்னால் இப்படி எடை ஏறினால், வேகமாகப் பறக்கும்போது அந்தப் பாகம் படபடத்து நொடிகளில் பிய்ந்துபோகவும் கூடும். ஃப்ளட்டர் என்பது இதுதான். ஆர்.வி-7-ன் எலிவேட்டர் முனையில் ஈயக்கட்டி வைத்திருப்பது இதைச் சமன்செய்யத்தான். ஆகவே அந்தக் கட்டியை இறுதியாகச் சரிசெய்வதைப் பெயிண்ட் காய்ந்த பிறகே வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் விமானத்தை மூன்று சக்கரங்களிலும் தராசில் நிறுத்தி, வெற்று எடையையும் ஈர்ப்பு மையத்தையும் புதிதாகக் கணக்கிட்டு ஆவணத்தில் எழுதிவிட்டுத்தான் பறக்க வேண்டும்.